வெளிநாட்டுப் பாஸ்போட்டுடன் கொழும்பில் சுற்றுலாத் தொழில்: எது முதலில், எது பிறகு

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு பழைய வீடு பிடித்துப்போய், முற்பணம் கொடுத்து, கட்டில் மெத்தை வாங்கிப் போட்டு, பெயர்ப்பலகையும் எழுதிய பிறகுதான் பலர் “லைசன்ஸ் எடுக்க எங்கே போக வேண்டும்?” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்டால் நல்ல பதில் கிடைப்பது அரிது. சுற்றுலா உரிமத்துக்குப் பல அலுவலகங்களின் கடிதங்கள் தேவை. ஒன்றின் கடிதம் இல்லாமல் அடுத்தது கோப்பைத் திறக்காது. அதனால் மூன்று விடயங்களை எந்தக் குத்தகையிலும் கையெழுத்திடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: கம்பனியில் யாருக்கு எத்தனை வீதம் பங்கு, பணம் எந்தக் கணக்கு வழியாக நாட்டுக்குள் வருகிறது, கட்டடம் எந்தப் பாவனைக்கு அங்கீகரிக்கப்பட்டது. இவை நேராக இருந்தால் மீதியெல்லாம் அலைச்சல்தான், ஆபத்து இல்லை.

நீங்கள் சட்டத்தின் கண்ணில் யார்?

பிறந்தது யாழ்ப்பாணமாக இருக்கலாம், படித்தது கொழும்பாக இருக்கலாம். கையில் இருப்பது கனடா, பிரிட்டன், இந்தியப் பாஸ்போட் மட்டும் என்றால் நீங்கள் வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தால் இலங்கைப் பிரசை. வெளிநாட்டவர் காணி வாங்குவதற்குக் காணிச் சட்டம் போடும் தடை உங்களுக்கு இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு எங்கள் முதல் ஆலோசனை இதுதான்: இரட்டைக் குடியுரிமைக்குத் தகுதி இருந்தால், தொழில் தொடங்குவதற்கு முன் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். பின்னால் வருகிற பல சிக்கல்கள் அந்த ஒரு சான்றிதழோடு இல்லாமல் போகும்.

தகுதி இல்லாதவர்களும் பயப்பட வேண்டியதில்லை. ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், உணவகம் போன்ற தொழில்களில் வெளிநாட்டவர் நூறு வீதப் பங்கையும் வைத்திருக்கலாம். பயண முகவர் நிறுவனம் மட்டும் வேறு கணக்கு. அந்நியச் செலாவணி ஒழுங்குவிதிகளின்படி பயண முகவர் தொழிலில் வெளிநாட்டுப் பங்கு பொதுவாக 40 வீதத்தைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் முதலீட்டுச் சபையின் (முதலீடுகளுக்கு அனுமதி தரும் அரச அமைப்பு, பி.ஓ.ஐ.) அனுமதி வேண்டும். முதலீட்டுச் சபைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெறக் குறைந்தபட்ச முதலீடு 250,000 அமெரிக்க டொலர். சின்ன அலுவலகம், இரண்டு வான், ஓர் இணையத்தளம் என்று நினைத்து வருபவருக்கு இது பெரிய தொகை. அவர் உள்ளூர்ப் பங்காளி ஒருவரோடு 40க்கு 60 என்று உண்மையாகவே பங்கு பிரித்துக்கொள்வதே நடைமுறை.

“உண்மையாகவே” என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 60 வீதத்தை மச்சான் பெயரிலோ நண்பர் பெயரிலோ எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு இரகசிய ஒப்பந்தம் வைத்துக்கொள்வது கொழும்பில் பழகிப்போன வழி. நட்பு இருக்கும் வரை ஓடும். பிணக்கு வந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பங்காளர். சட்டத்தைச் சுற்றிப்போக எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டி நீதிமன்றத்தில் பங்கைக் கேட்பது மிகக் கடினம்.

கம்பனியும் பணமும்

தனியார் வரையறுத்த கம்பனியாகத் தொடங்குங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரு பங்குதாரர், ஒரு பணிப்பாளர் இருந்தாலே போதும். இருவரும் வெளிநாட்டவராக இருக்கலாம். ஆனால் கம்பனிச் செயலாளர் இலங்கையில் வசிக்கும் தகுதிபெற்ற ஒருவராக இருக்க வேண்டும். பதிவு இப்போது இணையவழியில் நடக்கிறது. முதலில் பெயர் அங்கீகாரம், பிறகு கூட்டிணைப்புக்கான படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19, கூடவே அமைப்பு விதிகள். அரசாங்கத்தோடு தொடர்பு இருப்பதுபோல் தோன்றும் சொற்களைப் பெயரில் வைத்தால் அங்கேயே தாமதம். சாதாரணப் பெயரே நல்லது. அமைப்பு விதிகளில் தொழிலின் நோக்கத்தைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தங்குமிடம், உணவகம், பயண ஏற்பாடு மூன்றும் செய்ய நினைத்தால் மூன்றும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது பணம். இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

வெளிநாட்டவர் பங்கு முதலீடு செய்யும் பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். வங்கிகளில் இதை ஐ.ஐ.ஏ. என்றே சொல்வார்கள். இந்தக் கணக்கு கம்பனியின் பெயரில் அல்ல, முதலீட்டாளராகிய உங்கள் பெயரில் திறக்கப்படுவது. வெளிநாட்டிலிருந்து உங்கள் பணம் வங்கி வழியாக இந்தக் கணக்குக்கு வரும். இங்கிருந்து கம்பனியின் கணக்குக்குப் போகும். கம்பனி அதற்கு ஈடாகப் பங்கு வழங்கி, படிவம் 6 மூலம் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்கும். பின்னாளில் இலாபப் பங்கும், பங்கை விற்ற பணமும் இதே கணக்குக்குத் திரும்பி வந்து, இதே வழியால் வெளியே போகும்.

இந்தப் பாதை ஒரு முறை முறிந்தால் திருத்துவது பெரும்பாடு. முறிவது எப்படி? அண்ணாவின் சேமிப்புக் கணக்குக்கு ஐம்பதாயிரம் டொலர் அனுப்பி, அவர் அதை எடுத்துத் தச்சருக்கும் மேசனுக்கும் கொடுத்து வீட்டைத் திருத்துவார். அல்லது நாணய மாற்று வீதம் கூடக் கிடைக்கிறது என்று உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், பணம் வரும். செலவு உண்மைதான், கட்டடமும் கண்முன் நிற்கிறது. ஆனால் அந்தப் பணம் வெளிநாட்டு முதலீடாக நாட்டுக்குள் வந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்துத் தொழிலை விற்கும்போது வங்கி கேட்கும் முதல் தாள் அந்த ஆதாரம்தான். உண்டியல் பணமென்றால் பணச் சலவைச் சட்டத்தின் கேள்விகளும் கூடவே வரும்.

ஒவ்வொரு தொகை வரும்போதும் வங்கியிடமிருந்து வரவு அறிவித்தலைக் கேட்டு வாங்கி, பங்குச் சான்றிதழோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். அனுப்பும் வங்கியில் நோக்கத்தை “பங்கு முதலீடு” என்று எழுதச் சொல்லுங்கள்; “குடும்பச் செலவு” என்று எழுதிய பணத்தைப் பிறகு முதலீடு என்று நிறுவுவது சிரமம். கம்பனிக்குக் கடனாகப் பணம் கொடுக்க நினைத்தால் அதற்கு வேறு விதிகள். பங்கையும் கடனையும் ஒரே தொகையில் கலக்காதீர்கள்.

காணியும் கட்டடமும்

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் காணி உரித்தை மாற்றுவதைத் தடுக்கிறது. குத்தகைக்கு எடுக்கலாம், உச்சக் காலம் 99 வருடம். இன்னொரு பொறி பலருக்குத் தெரியாது: வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் குறைவாக உள்ள கம்பனி காணி வாங்கினால், அந்த நிலை தொடர்ந்து 20 வருடம் நீடிக்க வேண்டும். பத்தாவது வருடத்தில் உள்ளூர்ப் பங்காளியின் பங்கை வாங்கி நீங்கள் 50ஐத் தொட்டால், காணி வாங்கிய உறுதியே செல்லாமல் போகும். ஆகவே வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பனிக்குக் குத்தகையே நிம்மதி.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். பிறகு காணிப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டியதை வைத்துக்கொண்டு உரிமம் கேட்கப் போகாதீர்கள். குத்தகையில் இரண்டு வாசகங்கள் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, பாவனை மாற்றத்துக்கும் உரிம விண்ணப்பங்களுக்கும் வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்திடுவார் என்பது. மற்றது, அனுமதி மறுக்கப்பட்டால் குத்தகை முடிந்து முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்பது. இரண்டாவதை வீட்டுக்காரர்கள் விரும்பமாட்டார்கள். பேரம் பேச வேண்டிய இடம் வாடகை அல்ல, இதுதான்.

இனி கட்டடத்தைப் பாருங்கள். கொழும்பு 6 இல் மூன்று மாடி வீடு, எட்டு அறை, கீழே ஒரு சாப்பாட்டு அறை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், கட்டி முடித்ததற்கான இணக்கச் சான்றிதழ், நில அளவை வரைபடம், மாநகர சபைக்குச் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு. வரைபடத்தில் இரண்டு மாடி இருந்து, கண்ணுக்கு முன்னால் மூன்று மாடி நின்றால், மூன்றாவது மாடி அனுமதியில்லாதது. அதைச் சரிப்படுத்தாமல் எந்த உரிமமும் முன்னே நகராது. வரைபடத்தில் “குடியிருப்பு” என்று இருந்தால், கொழும்பு மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படியும் பாவனை மாற்ற அனுமதி வேண்டும். வீதியின் அகலம், வாகனத் தரிப்பிடம், வலயம் எல்லாம் அங்கே பார்க்கப்படும். ஒழுங்கைக்குள் இருக்கும் பல அழகான வீடுகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. புதிதாகக் கட்டுவதாக இருந்தால் வரைபடம் போடுவதற்கு முன்பே பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதியைப் பெற்றுவிடுங்கள். அந்தக் காணியில் எதைக் கட்டலாம் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

மரைன் டிரைவை ஒட்டிய கட்டடம் என்றால் இன்னொரு அலுவலகமும் சேரும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம், விஸ்தரிப்பு எதற்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கடல் பார்க்கும் அறைகள் பெரும்பாலும் இந்த வலயத்துக்குள்தான். கூரையில் ஒரு உணவகம் எழுப்பலாம் என்ற ஆசையை இந்த அனுமதிக்கு முன் செலவாக்காதீர்கள்.

அடுக்குமாடியில் ஓரிரு வீடுகளை எடுத்து நாள்வாடகைக்கு விடுவது சுலபம் என்று தோன்றும். சுற்றுலா அதிகார சபையில் வாடகைக் குடியிருப்புக்கென்று தனி வகையும் உண்டு. ஆனால் அந்த அடுக்குமாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாக அமைப்பு) விதிகளை முதலில் வாசியுங்கள். குறுகிய கால விருந்தினரைத் தடுக்கும் விதி இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு முறைப்பாடே போதும்.

மாநகர சபை, சுகாதாரம், தீ, சுற்றாடல்

மாநகர சபையின் வியாபார உரிமம் ஆண்டுக்கு ஆண்டு எடுக்க வேண்டியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நேரில் வருவார். வரவேற்பறையில் அவர் அதிக நேரம் நிற்கமாட்டார். நேரே சமையலறைக்குப் போவார். சுவரில் கழுவக்கூடிய பூச்சு இருக்கிறதா, கழிவறைக் கதவு சமையலறைக்கு நேரே திறக்கிறதா, பச்சை இறைச்சியும் சமைத்த சாப்பாடும் ஒரே குளிரூட்டியில் கிடக்கின்றனவா, கைகழுவத் தனித் தொட்டி உண்டா, சமையற்காரரின் மருத்துவச் சான்றிதழ் எங்கே என்று பார்ப்பார். கழுவுநீர் போகும் வழியில் கொழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் கிரீஸ் ட்ரப் இல்லாவிட்டால் குறிப்பு எழுதுவார். தரை ஓடு போட்டு முடித்த பிறகு அதை வைக்கப்போனால் ஓடு உடைக்க வேண்டும். ஆகவே குழாய் வேலை தொடங்கும் அன்றே வைத்துவிடுங்கள்.

தீயணைப்புப் படையின் சான்றிதழுக்கு அணைப்பான்களை வாங்கி மாட்டுவது மட்டும் போதாது. மேல் மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மின்சாரம் போனால் படிக்கட்டில் வெளிச்சம் உண்டா என்பதும் கேள்வி. பழைய வீடுகளில் சன்னல் கம்பிகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும்; ஒவ்வொரு மாடியிலும் ஒன்றையாவது திறக்கக்கூடியதாக மாற்றுங்கள். இதைச் சான்றிதழுக்காக மட்டும் சொல்லவில்லை. இரவில் தெரியாத ஊரில் தூங்குகிற ஒருவருக்கு வெளியேறும் வழி தெரிய வேண்டும்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் அறைகளின் எண்ணிக்கையையும் தொழிலின் தன்மையையும் பொறுத்தது. பெரிய திட்டங்களில், 99 அறைகளைத் தாண்டும் ஹோட்டலுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை பொருந்தும். 95 அறை போட்டுத் தொடங்கி, இரண்டு வருடத்தில் இன்னும் 20 சேர்ப்போம் என்று திட்டமிடுபவர்கள் அதை முதல் நாளே ஆலோசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுற்றுலா அதிகார சபை

இவ்வளவும் கையில் இருந்தால் கொழும்பு 3, காலி வீதி 80 ஆம் இலக்கத்தில் உள்ள இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்குப் போகலாம். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் பதிவும் உரிமமும் இங்கேதான். புதிய கட்டுமானத் திட்டம் என்றால் வரிசை மாறும்: முதலீட்டாளர்களுக்கான அதன் பிரிவில் திட்டத்தை முதலிலேயே கொடுத்து, ஆரம்ப ஒப்புதலோடு மற்ற அலுவலகங்களுக்குப் போவது நல்லது.

வகையைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். ஹோட்டல், பூட்டிக் ஹோட்டல், பூட்டிக் வில்லா, கெஸ்ட் ஹவுஸ், பங்களா, ஹோம்ஸ்டே, வாடகை வீடு, வாடகை அபார்ட்மன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதிப் பட்டியல் உண்டு. ஹோம்ஸ்டே என்றால் குடும்பம் அதே வீட்டில் வாழ வேண்டும். கம்பனி ஒன்று ஆளைச் சம்பளத்துக்கு வைத்து நடத்துவது அந்த வகைக்குள் வராது. தகுதிக்கு மேற்பட்ட வகையைக் கேட்டு மறுக்கப்படுவதைவிட, கெஸ்ட் ஹவுஸாகத் தொடங்கிப் பிறகு உயர்த்துவது சுலபம். விண்ணப்பத்தோடு கம்பனிப் பதிவு, குத்தகை உறுதி, கட்டட வரைபடம், இணக்கச் சான்றிதழ், வியாபார உரிமம், தேவையான இடத்தில் சுற்றாடல் உரிமம், காப்புறுதி எல்லாம் போக வேண்டும். எல்லாத் தாளிலும் கம்பனியின் பெயரும் முகவரியும் ஒரே மாதிரி இருக்கட்டும். குத்தகையில் “இல. 14”, சோலைவரிப் பற்றுச்சீட்டில் “14/1” என்று இருந்தால் கோப்பு திரும்பி வரும்.

உணவகம், ஸ்பா, சுற்றுலாக் கடை ஆகியவற்றுக்கும் அங்கே வகைகள் உண்டு. பயண முகவர் நிறுவனம் விமானச் சீட்டும் விற்கப்போகிறது என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். வழிகாட்டிகளுக்குத் தனி உரிமம். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று பிரிவுகள். கம்பனி உங்களுடையது என்பதற்காக நீங்களே விருந்தினரைச் சீகிரியாவுக்கு அழைத்துப்போய் விளக்கம் சொல்ல முடியாது. உரிமம் பெற்ற ஒருவரை வையுங்கள். வாகனத்தின் காப்புறுதி “தனியார் பாவனை” என்று இருக்கும்போது காசு கொடுத்த பயணிகளை ஏற்றி விபத்து நடந்தால், காப்புறுதிக் கம்பனி இழப்பீட்டை மறுக்கும்.

மது பரிமாற மதுவரித் திணைக்களத்தின் உரிமம் தனி. ஹோட்டலுக்கும் உணவகத்துக்கும் வெவ்வேறு வகுப்பு, சுற்றுலா அதிகார சபையின் பதிவு அதற்கு அடிப்படை. பாடசாலை, கோயில், பள்ளிவாசல் எவ்வளவு அருகில் என்பதும் கவனிக்கப்படும். வணிகத் திட்டத்தில் மது வருமானத்தை முதல் வருடத்திலேயே எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு அதை அழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கும்படி சொல்வோம்.

வீசா

சுற்றுலா வீசாவில் வந்து கல்லாவில் உட்கார முடியாது. பங்கு வைத்திருப்பதும் பணிப்பாளராக இருப்பதும் இங்கே தங்கி வேலை செய்யும் உரிமையைத் தானாகத் தராது. முறை இதுதான்: திட்டத்தை அங்கீகரித்த நிறுவனத்தின் பரிந்துரையோடு நுழைவு வீசா பெற்று வந்து, பிறகு பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட வீசாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். கம்பனி பதிவாகும் வாரத்திலேயே இதைத் தொடங்குங்கள்.

வரி, ஆட்கள்

கம்பனிக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுங்கள். சுற்றுலா உரிமம் பெற்ற நிறுவனம் மொத்த வருவாயில் 1 வீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி அறவீடாகச் செலுத்த வேண்டும். இது இலாபத்தின் மீது அல்ல, வருவாயின் மீது. நட்டமான மாதத்திலும் உண்டு. வருவாய் எல்லையைத் தாண்டினால் பெறுமதி சேர் வரி 18 வீதமும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு 2.5 வீதமும் சேரும். இணையத்தளங்களில் அறை விலையைப் போடும்போது இவை எல்லாம் உள்ளடங்கியதா என்று தீர்மானித்துவிட்டே போடுங்கள். வரி சேர்க்காத விலையில் ஒரு பருவம் முழுக்க முன்பதிவு வாங்கியவர், அந்த வரியைத் தன் சட்டைப்பையிலிருந்தே கட்டுவார்.

ஊழியர்களின் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர்கள் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். “பயிற்சிக்காலம்” என்று சொல்லிக் கட்டாமல் விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு போனால் மேலதிகக் கட்டணத்தோடு முழுவதையும் கட்ட வேண்டிவரும்.

கோப்பு அசையாவிட்டால்

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு கொடுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். தமிழும் அரச கரும மொழி, தமிழில் பதில் கேட்கும் உரிமையும் உண்டு. “நான் பார்த்துத் தருகிறேன், பற்றுச்சீட்டு வராது” என்று சொல்லும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். கொடுப்பவரும் குற்றவாளியே.

மாதக்கணக்கில் பதில் இல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல கருவி. “இந்த இலக்கக் கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம், எந்தக் குறிப்போடு இருக்கிறது?” என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்த உரிமை பிரசைகளுக்கு மட்டுமே. கம்பனி கேட்பதென்றால் அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருக்க வேண்டும். எனவே வெளிநாட்டுப் பங்குதாரர் கையெழுத்திட்டு அனுப்பினால் நிராகரிக்கப்படும். உள்ளூர்ப் பங்காளியோ உங்கள் சட்டத்தரணியோ தன் சொந்தப் பெயரில் கேட்கட்டும்.